இறால் குளத்தில் பூண்டும் மஞ்சளும்: அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் வழி

வளர்ப்பு நாள் 40ஐத் தாண்டிய ஒரு காலையில், இறால் தின்றதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கும் செக் டிரே என்ற தட்டைத் தூக்குகிறீர்கள். போட்ட தீவனத்தில் பாதி அப்படியே கிடக்கிறது. அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று பேர் மூன்று வைத்தியம் சொல்லிவிடுவார்கள். பூண்டை அரைத்துக் கொடு என்பார் ஒருவர். கீழாநெல்லிதான் சரி என்பார் அடுத்தவர். மூன்றாமவர் பேச்சே இல்லாமல் பையிலிருந்து ஒரு மூலிகைப் பொடிப் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார்.

சீர்காழியிலிருந்து வேதாரண்யம் வரையுள்ள வனாமி இறால் பண்ணைகளில் இது அன்றாடக் காட்சி. 2009இல் வனாமி வளர்ப்புக்கு அனுமதி கிடைத்த பிறகு குளங்கள் பெருகின, நோய்களும் பெருகின. குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற மருந்துகளுக்குத் தடை இருக்கிறது. ஏற்றுமதிச் சரக்கில் துளி எச்சம் தெரிந்தாலும் திரும்பி வந்துவிடும். எனவே எல்லோருடைய கையும் இலை, வேர், பட்டையை நோக்கிப் போகிறது. போவதில் தவறில்லை. ஆனால் தாவரச் சாறு வேலை செய்யும் இடம் குறுகியது: இறால் இன்னும் தின்றுகொண்டிருக்க வேண்டும், தொல்லை குடலில் பெருகும் பாக்டீரியாவாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நீங்கள் அரைத்தது அம்மிக்குத்தான் உடற்பயிற்சி.

எதைக் கையில் எடுப்பதற்கும் முன்

விடியற்காலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் குளத்தின் அடிநீரில் ஆக்சிஜனை அளந்து பாருங்கள். ஒரு நாளில் அது மிகவும் இறங்கி நிற்கும் நேரம் அதுதான். 4 பி.பி.எம்.க்கு (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) கீழே இருந்தால் உங்கள் நோயின் பெயர் ஏரேட்டர், அதாவது நீருக்குக் காற்றூட்டும் கருவி. காலை, மாலை இரு வேளையும் பி.எச். பாருங்கள், 7.5க்கும் 8.5க்கும் இடையில் இருப்பதும், இரு வேளைக்கும் உள்ள வித்தியாசம் அரைப் புள்ளியைத் தாண்டாததும் நல்லது. அமோனியா, நைட்ரைட் சோதனையும் அன்றே முடிந்துவிடட்டும்.

பிறகு வீச்சு வலை போட்டுப் பத்து இறால்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முதுகுப் பக்கக் கறுப்புக் கோட்டைப் பாருங்கள். அதுதான் குடல். தலையிலிருந்து வால்வரை அறுபடாத கோடாக இருந்தால் இறால் தின்கிறது. இடையிடையே விட்டுப்போயிருந்தால் அரைகுறையாகத் தின்கிறது. கோடே இல்லையென்றால் தீவனத்தில் எதைக் கலந்தாலும் உள்ளே போகப்போவதில்லை. தலைக்குள் தெரியும் பழுப்பு நிறக் கட்டியைப் பண்ணையில் ஈரல் என்கிறோம். உண்மையில் அது ஈரலும் கணையமும் சேர்ந்த செரிமானச் சுரப்பி. நம் வீட்டுக் கீழாநெல்லி வைத்தியம் இறாலுக்கு வந்த வழியும் இந்தப் பெயர்க் குழப்பம்தான் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்: மனிதனின் மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பதை, ஈரல் என்ற பெயரை நம்பி இறாலுக்கும் கொடுக்கிறோம்.

"சாறு காய்ச்சிக் குளத்திலேயே ஊற்றிவிடலாமே?"

இந்தக் கேள்வி எல்லா அறிகுறிக்கும் வருகிறது. அதனால் கணக்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். ஒரு ஏக்கர் குளம், 1.2 மீட்டர் ஆழம்: ஏறக்குறைய 4,850 கன மீட்டர் நீர். ஆய்வகத்தில் ஒரு சாறு, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் விப்ரியோவை (இறாலுக்கு நோய் தரும் பாக்டீரியா வகை) அடக்கியது என்று வைத்துக்கொள்வோம். அதே செறிவைக் குளத்தில் கொண்டுவர 4,850 கிலோ காய்ந்த சாற்றுப்பொருள் வேண்டும். ஐந்து டன்! ஒரு லாரி மூலிகையைக் கொட்டினால் நீரில் பாக்டீரியாவுக்கு விருந்து வைத்ததாகும். அது அழுகும்போது ஆக்சிஜனும் போய்விடும்.

இப்போது தீவன வழியைப் பாருங்கள். அதே குளத்தில் ஒரு லட்சம் குஞ்சு விட்டு, 85 விழுக்காடு பிழைத்து, தலைக்கு 10 கிராம் எடை வந்திருந்தால் மொத்தம் 850 கிலோ இறால். நாளொன்றுக்குத் தீவனம் ஏறக்குறைய 30 கிலோ. கிலோவுக்கு 10 கிராம் பூண்டு என்றால் ஒரு நாளைக்கு 300 கிராம். ஐந்து டன்னுக்கும் முந்நூறு கிராமுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்த வைத்தியத்தின் முழு நியாயமும் இருக்கிறது. சாறு போய்ச் சேரவேண்டியது குடலுக்கு, குளத்துக்கு அல்ல.

அறிகுறி: தட்டில் தீவனம் மிஞ்சுகிறது, இறால் மட்டும் துள்ளலாக இருக்கிறது

பெரும்பாலும் இது நோயே அல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கூட்டமாகத் தோலுரிக்கும்போது இறால் தின்னாது. முந்தைய இரவு மழை பெய்திருந்தாலும், இரண்டு நாள் மேகமூட்டம் நின்றாலும் தின்னாது. நீங்களே அளவுக்கு மீறிப் போட்டிருந்தாலும் மிஞ்சும். பிடித்த இறாலின் ஓட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்றிருந்தால் தோலுரிப்பு. தீவனத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து இரண்டு நாள் பொறுங்கள். அந்த நேரத்தில் பூண்டு வாடையோடு தீவனம் போட்டால் அரைகுறையாகத் தின்றதும் நின்றுவிடும்.

அறிகுறி: காற்றடிக்கும் மூலையில் வெள்ளை இழைகள் மிதக்கின்றன

இங்கேதான் தாவரச் சாற்றுக்கு உண்மையான வேலை இருக்கிறது, நிதானமாகப் பார்ப்போம்.

வெள்ளைக் கழிவு ஒரே நோயல்ல. விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் பெருகினாலும் வரும். ஈ.எச்.பி. எனப்படும் நுண்ஒட்டுண்ணி செரிமானச் சுரப்பியைத் தின்றாலும் வரும். பல குளங்களில் இரண்டும் கைகோத்துக்கொண்டு வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. இறாலின் செரிமானச் சுரப்பியை, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்குக் கொடுங்கள். கூடவே, விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் டி.சி.பி.எஸ். தட்டில் விப்ரியோ எண்ணிக்கையும் கேளுங்கள். அந்தத் தட்டில் பச்சைப் புள்ளிகள் வந்தால் மோசம், மஞ்சள் வந்தால் பரவாயில்லை என்று பண்ணைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பச்சை என்றால் அந்த வகை சுக்ரோஸ் சர்க்கரையைப் புளிக்க வைக்கவில்லை என்பதுதான் பொருள். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாக வரும் என்பது உண்மை. ஆனால் இன்னொரு நோய் தரும் வகையான விப்ரியோ ஹார்வேயி மஞ்சளாகவும் வரும். நிறத்தை மட்டும் நம்பி நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

முடிவு வரும்வரை தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். நடுக்குழிச் சேற்றை வெளியேற்றுங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் கொடுக்கும் பூண்டு, ஓட்டைப் பானையில் ஊற்றும் நீர்.

இனிப் பூண்டு. பூண்டில் கொல்லும் பொருள் ஆரம்பத்தில் கிடையாது. பல்லை நசுக்கும்போது உள்ளே தனித்தனியாக இருக்கும் அல்லீனும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. பூண்டு நசுங்கியதும் மூக்கில் ஏறும் அந்தக் காரம் அல்லிசினின் வாசம்தான். அதனால் முழுப் பல்லைக் கொதிக்க வைத்துச் சாறு எடுப்பவர் நொதியை முதலில் கொன்றுவிட்டுப் பிறகு மருந்தைத் தேடுகிறார். நசுக்குங்கள், பத்து நிமிடம் அப்படியே விடுங்கள், பிறகு சிறிது நீர் சேர்த்துத் துணியில் வடிகட்டுங்கள். அடுப்புப் பக்கமே போகவேண்டாம். அல்லிசின் நெடுநேரம் நிற்காது. காலையில் அரைத்ததைக் காலைத் தீவனத்துக்கே முடித்துவிடுங்கள். நான் கிலோவுக்கு 10 கிராமில் தொடங்குவேன். தட்டு சுத்தமாகக் காலியானால் மூன்றாம் நாள் 15 கிராமுக்குப் போவேன். 20ஐத் தாண்டுவதில்லை.

மஞ்சளின் கதை வேறு. அதிலுள்ள குர்குமின் நீரில் கரையாது. மஞ்சளை நீரில் கலக்கித் தீவனத்தில் தெளித்தால் நிறம் மட்டும்தான் ஒட்டும். அதுவும் குளத்தில் விழுந்ததும் கழுவிப்போகும். மீன் எண்ணெயில் குழைத்துப் பூசவேண்டும். கடைப் பொடி வேண்டாம்; நிறமேற்றிய கலப்படம் அதிகம். விரலி மஞ்சள் வாங்கி நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள்.

பூசும் முறை: தீவனத்தை நிழலில் தார்ப்பாயில் பரப்பி, கிலோவுக்கு 30 மில்லிக்கு மேற்படாமல் சாற்றைத் தெளித்துக் கையால் புரட்டுங்கள். கால் மணி நேரம் உலர்ந்த பின் முட்டை வெள்ளைக்கருவோ பைண்டர் என்ற ஒட்டுப்பொருளோ மேல்பூச்சாகக் கொடுங்கள். இன்னும் அரை மணி நேரம் நிழலில் காயட்டும். வெயிலில் காய வைத்தால் வாசனையும் போகும், எண்ணெயும் காறும்.

போடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. கண்ணாடித் தம்ளரில் குளத்து நீரை எடுத்து, பூசிய தீவனத்தில் ஒரு பிடி போட்டுக் கரையில் வையுங்கள். மஞ்சள் சேர்த்திருந்தால் கண்ணே சொல்லிவிடும். ஐந்து நிமிடத்தில் நீர் மஞ்சளாகிவிட்டால் உங்கள் மருந்து குளத்துக்குப் போகிறது, இறாலுக்கு இல்லை. இறால் மீனைப்போல லபக்கென்று விழுங்காது. உருண்டையைக் காலில் பிடித்து நிதானமாகக் கொறிக்கும். அதனால் அரை மணி நேரமாவது பூச்சு நிற்க வேண்டும்.

புரோபயாடிக் (நன்மை செய்யும் பாக்டீரியா) கொடுப்பவர்கள் அதையும் பூண்டையும் ஒரே வேளையில் கலக்காதீர்கள். பூண்டுக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதம் தெரியாது. காலை வேளை பூண்டு, இரவு வேளை புரோபயாடிக் என்று பிரித்துவிடுங்கள்.

ஐந்து முதல் ஏழு நாள். அதற்குள் இழைகள் குறைந்து குடல் கோடு நிரம்பத் தொடங்கவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பி.சி.ஆரில் ஈ.எச்.பி. என்று வந்திருந்தால் பூண்டு கூட வரும் விப்ரியோவைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவுதான், ஒட்டுண்ணி போகாது. இரண்டு குளங்கள் ஒரே நாளில் குஞ்சு விட்டவையாக இருந்து இரண்டிலும் இழை தெரிந்தால், ஒன்றுக்கு மட்டும் கொடுத்து மற்றதைத் தீவனக் குறைப்போடு விட்டுப் பாருங்கள். தேறியது பூண்டாலா, பட்டினியாலா என்பது அப்போதுதான் தெரியும்.

அறிகுறி: குஞ்சு விட்ட முதல் 35 நாளுக்குள் சாவு, ஈரல் வெளிறிச் சுருங்கியிருக்கிறது

அந்தச் சுரப்பியை வெளியே எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள். நல்ல சுரப்பி எளிதில் குழைந்துவிடும். நசுங்க மறுத்து, நிறம் வெளிறி, கறுப்புக் கோடுகளும் தெரிந்தால் ஏ.எச்.பி.என்.டி. எனப்படும், செரிமானச் சுரப்பியைத் திடீரெனச் சிதைக்கும் நோய் என்று சந்தேகப்படலாம். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸின் சில வகைகளே காரணம் என்று 2013இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு கண்டறிந்தது. அந்த வகைகள் ஒரு பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம்) நச்சு மரபணுக்களைச் சுமந்து வருகின்றன என்பது பிறகு தெரியவந்தது. பாக்டீரியாதானே, பூண்டு கேட்குமே என்று தோன்றும். கேட்காது. சுரப்பியைச் சிதைப்பது நச்சு. அதற்குள் இறால் தின்பதையும் நிறுத்தியிருக்கும். பி.சி.ஆரில் உறுதியானால் அந்தக் குளத்தில் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போதே இதற்கான சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: இரவில் குளமோ இறாலோ ஒளிர்கிறது

விளக்கை அணைத்துவிட்டு ஒரு குச்சியால் நீரைக் கலக்குங்கள். கலக்கும் இடத்தில் மட்டும் பளிச்சென்று மின்னி அடங்கினால் அது ஒருவகை நுண்பாசி. கலக்காதபோதும் இறாலின் உடல் மங்கிய பச்சை ஒளியோடு நின்றால் விப்ரியோ ஹார்வேயி. இந்தப் பாக்டீரியா தனியாக இருக்கும்போது ஒளிராது. ஒன்றுக்கொன்று வேதிச் சமிக்ஞை அனுப்பிக் கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே விளக்கேற்றும். இலவங்கப்பட்டையிலுள்ள சின்னமால்டிஹைட் இந்தப் பேச்சைக் குலைக்கிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் வாயைக் கட்டுகிற மருந்து! எனக்குப் பிடித்த ஆய்வு அது. ஆனால் குளத்தில் அதை நம்பிக் காத்திருக்கமாட்டேன். முதல் வேலை குஞ்சு வந்த பொரிப்பகத்தின் பதிவையும், உங்கள் நீர் வரும் வழியையும் பார்ப்பது. தீவனத்தில் பூண்டு மேலே சொன்ன அளவில், தின்கிறவரை.

அறிகுறி: ஓட்டில் கறுப்புக் கறை, மீசை அறுந்திருக்கிறது, செவுள் கறுத்திருக்கிறது

ஓட்டின் மூலப்பொருளான கைட்டினைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஓட்டை அரிக்கின்றன. ஆனால் அவற்றை அங்கே அழைத்து வந்தது குளத்தின் அடிச்சேறு. தீவனத்தில் கொடுத்த சாறு வெளியோட்டுக்கு எட்டாது. சேற்றை எடுங்கள், நீரை மாற்றுங்கள். அடுத்த தோலுரிப்பில் கறை ஓட்டோடு கழன்றுவிடும்.

அறிகுறி: தலை ஓட்டில் வெள்ளைப் புள்ளி, உடல் சிவக்கிறது, கரையோரம் ஒதுங்குகிறது

வெள்ளைப்புள்ளி வைரஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பி.சி.ஆர். மறுக்கும்வரை. 3 முதல் 10 நாளில் குளமே காலியாகலாம். அருகம்புல் சாறு பூசிய தீவனம் தின்ற புலி இறால்கள் இந்த வைரஸைத் தாங்கின என்று ஆய்வகத் தொட்டிச் சோதனை முடிவுகள் வந்திருக்கின்றன. முன்கூட்டியே கொடுத்து, தொட்டியில் பார்த்தது அது. நோய் வந்த குளத்துக்கு அந்த முடிவைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மதகைத் திறக்கவேண்டாம், வலையைப் பக்கத்துக் குளத்துக்குக் கடன் கொடுக்கவேண்டாம், அக்கம்பக்கத்தாருக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.

இது வேறு அறிகுறி: ஒரே வயதுக் குளத்தில் 5 கிராம் இறாலும் 15 கிராம் இறாலும் கலந்து வருகிறதென்றால் ஈ.எச்.பி.யைத் தேடுங்கள். அதற்கான வைத்தியம் அறுவடைக்குப் பிறகுதான்: ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பை இட்டு, 10 முதல் 12 சென்டிமீட்டர் ஆழம் உழுது, நனைத்து, மண்ணின் பி.எச். 12ஐத் தொடும்படி செய்ய வேண்டும்.

அறிகுறி: மூலிகை கொடுத்த பிறகுதான் மோசமானது

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன். வேம்பு கிருமியைக் கொல்லும் என்று ஊரே சொல்கிறதே என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளத்தில் வேப்பெண்ணெய் பூசிய தீவனத்தை நான்கு நாள் போடவைத்தேன். ஐந்தாம் நாள் வலையில் வந்த இறால்களில் பல, பாதி உரித்த தோலோடு செத்திருந்தன. பழைய ஓடு தலைப்பக்கம் பிளந்திருந்தது, உடல் வெளியே வரவில்லை. பிறகுதான் உறைத்தது. வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிப்பு ஹார்மோனைக் குலைத்துத்தான் அவற்றைக் கொல்கிறது. இறாலும் அதே கணுக்காலி இனம், அதே வகை ஹார்மோனால் தோலுரிக்கிற உயிர். நான்கு நாளில் வேம்பை மட்டுமே குற்றம் சொல்ல முடியுமா என்று கேட்டால் சத்தியம் செய்யமாட்டேன்; ஆனால் அதற்குப் பிறகு இறால் குளத்தின் பக்கம் வேம்பை நான் கொண்டுபோனதில்லை.

இன்னொரு காரணம் துவர்ப்பு. கொய்யா இலை, வாதுமை இலைக் கஷாயத்தில் டானின் அதிகம். சற்று மிஞ்சினாலும் இறால் தீவனத்தை ஒதுக்கும். தட்டு காலியாவது நின்றால் அளவைப் பாதியாக்குங்கள்.

மூன்றாவது, பொட்டலம். உட்பொருள் அச்சிடாத "மூலிகைப் பொடி" இரண்டே நாளில் அற்புதம் செய்தால் மகிழ வேண்டாம், பயப்படுங்கள். உள்ளே நுண்ணுயிர்க்கொல்லி கலந்திருக்கலாம். விலை பேசும் நேரத்தில் எச்சம் தெரிந்தால் இழப்பு உங்கள் தலையில்தான் விழும். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவான இடுபொருளா என்று பாருங்கள். அறுவடைக்கு முன் எம்பெடாவின் (கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்), மருந்து எச்சம் பார்க்கும் எலிசா ஆய்வகத்தில் மாதிரியைச் சோதித்துவிடுங்கள்.

அறிகுறி: நன்னீர்க் கெண்டையில் சிவப்புப் புண்

டெல்டாவில் மீன் குட்டை வைத்திருப்பவர்களுக்காக இது. புண்ணைப் பார்த்ததும் ஏரோமோனாஸ் பாக்டீரியா என்று முடிவுகட்டாதீர்கள். செதிலுக்கு மேல் விரலை ஓட்டுங்கள். பயற்றம்பருப்பு அளவில் தட்டையாக ஏதாவது நகர்ந்தால் மீன் பேன். அது குத்திய துளையில்தான் பாக்டீரியா குடியேறியிருக்கும். பேனை விட்டுவிட்டுப் புண்ணுக்கு மஞ்சள் போட்டுப் பயனில்லை.

இறால் பண்ணை நண்பர் சொன்னார் என்று தேயிலை விதைப் பிண்ணாக்கைக் கெண்டைக் குட்டையில் போட்டுவிடாதீர்கள். இறால் குளத்தில் வேண்டாத மீனைக் கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள். அதிலுள்ள சபோனின் மீனின் செவுளைக் கெடுக்கும், இறாலை அந்த அளவுக்குத் தொடாது. இலுப்பைப் புண்ணாக்கும் அதே ரகம். இறாலுக்கு வேம்பு ஆகாது, மீனுக்கு இலுப்பை ஆகாது. இரண்டும் நம் கோயில் மரங்கள்தான்.

மாதிரி அனுப்பும்போது

பாக்டீரியா வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் சாகும் நிலையில் உள்ள உயிருள்ள இறாலை ஆக்சிஜன் நிரப்பிய பையில் அனுப்புங்கள். ஐஸ் பெட்டியில் விறைத்துப்போனது உதவாது. பி.சி.ஆருக்கு என்றால் 95 விழுக்காடு எத்தனாலில் போட்டு அனுப்பலாம். பூண்டோ மஞ்சளோ உங்கள் குளத்து விப்ரியோவுக்கு எட்டுகிறதா என்று தெரியவேண்டுமானால், அதே மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த கிருமியின்மேல் நீங்கள் வடித்த சாற்றில் நனைத்த காகித வில்லையை வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். ஒரு சிறு புட்டிச் சாற்றையும் அரைத்த அன்றே கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். பைமேல் குளத்தின் எண், வளர்ப்பு நாள், விடியற்கால ஆக்சிஜன் அளவு ஆகியவற்றோடு, கடந்த ஒரு வாரத்தில் தீவனத்தில் என்னென்ன கலந்தீர்கள் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அந்தப் பெயர் தெரியாத பொட்டலத்தையும் சேர்த்துத்தான்.